விட்ட மீன் மிதந்தது

அளவு குறைந்த மீனைக் கடலிலேயே விட்டுவிட்டால் என் கடமை முடிந்தது என்று பல வருடம் நம்பியிருந்தேன். ஒருநாள் 40 மீட்டர் ஆழத்துப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், தூண்டில் போட்டபோது ஒரு களவா மீன் ஏறியது. அளந்து பார்த்தேன், அனுமதித்த அளவுக்கு இரண்டு விரற்கடை குறைவு. முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டேன். அது இறங்கவில்லை, மல்லாந்து மிதந்தது. வாயிலிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ பிதுங்கி நின்றது. கண்கள் வெளியே தள்ளியிருந்தன. வாலை அடித்து அடித்துப் பார்த்தது, முடியவில்லை. சற்று நேரத்தில் கடற்பறவைகள் வந்துவிட்டன.

விதிப்படிதான் நடந்தேன். ஆனாலும் மீன் செத்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

காரணம் பிறகு தெரிந்தது. அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு. வேகமாக மேலே இழுக்கும்போது மீனின் காற்றுப்பை உப்பி, இரைப்பையை வாய் வழியாகத் தள்ளிவிடுகிறது. பிதுங்கியிருப்பதைக் காற்றுப்பை என்று நினைத்துக் குத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து குத்தாதீர்கள், அது இரைப்பை. எடை கட்டிய இறக்குகருவி ஒன்று இருக்கிறது. அது தாடையைக் கவ்விக்கொண்டு மீனைக் கீழே கொண்டுபோய் விடும். ஆழம் கூடக் கூடக் காற்றுப்பை தானே சுருங்கிவிடும். மெக்சிகோ வளைகுடாவில் அமெரிக்கக் கூட்டாட்சிக் கடற்பகுதியில் பார் மீன் பிடிக்கிறவர்கள், இந்தக் கருவியையோ காற்றுப்பையிலிருந்தே காற்றை வெளியேற்றும் ஊசியையோ உடன் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2022-இல் நடைமுறைக்கு வந்தது. நானும் ஒன்று வாங்கினேன். அதோடு, ஒரு நாளைக்கு ஆளுக்கு அனுமதித்த எண்ணிக்கை நிறைந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுகிறேன். பொழுதுபோக்காகப் பிடித்துப் பிடித்து விடுவதை ஆழமான பாரில் அறவே நிறுத்திவிட்டேன். கருவி இருந்தாலும் எல்லா மீனும் பிழைப்பதில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

நண்பரே, எனக்கு நடந்தது இரவில். ஈட்டியும் டார்ச்சுமாக மூழ்கியிருந்தேன். பாறை இடுக்கில் ஒரு பெரிய கிளிமீன். ஒளி பட்டும் அசையவில்லை. அதைச் சுற்றி மெல்லிய சளிக்கூடு, உறங்கிக்கொண்டிருந்தது. சில கிளிமீன்கள் இரவில் அப்படிக் கூடு கட்டிக்கொண்டுதான் தூங்கும். அதற்கு முன் அதே பாரில் எத்தனையோ எடுத்திருக்கிறேன், என்றைக்கும் எண்ணிக்கையை மீறியதில்லை. ஆனால் பகலில் துரத்தினாலும் கிடைக்காத பெரிய மீன்களை இரவில் பூப்பறிப்பதுபோல எடுத்திருக்கிறேன் என்பது அந்தக் கூட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கிளிமீன் பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்பதால்தான் பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. மத்திய அமெரிக்காவிலுள்ள பெலிஸ் நாடு 2009-இல் கிளிமீன் பிடிப்பதையே தடை செய்தது. நான் இரவு ஈட்டியை விட்டுவிட்டேன்.

* * *

எண்ணிக்கை பற்றி நானும் சொல்ல வேண்டும். பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்கள் எங்கள் பாரின் ஒரே மூலையில் களவா திரளும். ஆளுக்கு இத்தனை என்ற வரம்புக்குள்தான் பிடித்தோம். ஆனால் படகுகள் நிறைய, எல்லாம் அந்த ஒரே இடத்தில். பிடித்ததில் பாதிக்கு மேல் சினை. வேறு நாளில் பாரெங்கும் சிதறிக் கிடக்கிற மீன் முட்டையிடக் கூடியிருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் திரள் சுருங்கியது. பிறகு ஒரு பௌர்ணமிக்கு எதுவுமே வரவில்லை. வெறும் நீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கரீபியன் கடலிலுள்ள லிட்டில் கேமன் தீவில் நாசாவ் களவா என்ற இனம் கூடும் இடத்தில் 2003-இல் மீன்பிடியை நிறுத்தினார்கள். அங்கே திரள் அழிந்துபோவதற்கு முன் நிறுத்தியதால் மெல்லப் பெருகியது. அந்த நாட்களில் எத்தனை பிடிக்கலாம் என்ற கேள்வியே தவறு. ஒன்றுகூடப் பிடிக்கக் கூடாது.

* * *

நான் மீன் பிடிப்பவள் இல்லை, வாங்குபவள். ஒரு தட்டுக்கு அளவாக இருக்கிறதே என்று சின்னக் களவாவாகத் தேடி வாங்குவேன். அவற்றில் பல ஒரு தடவைகூட முட்டையிடாதவை என்று ஒருவர் சொன்னபோது மனது கனத்துவிட்டது. சரி, பெரியதை வாங்கலாம் என்றால் அதுவும் சிக்கல். களவாவில் பல இனங்கள் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பிறகு ஆணாக மாறுமாம். பெரியவற்றையே எடுத்தால் பாரில் ஆண் மிஞ்சாது. இப்போது பெரும்பாலும் மத்தி, அயிலை மாதிரிச் சீக்கிரம் வளர்கிறவற்றைத்தான் வாங்குகிறேன். களவா என்றால் எங்கே, எந்தக் கருவியால் பிடித்தது என்று கேட்பேன். விற்பவருக்குத் தெரியாவிட்டால் வாங்குவதில்லை.

பௌர்ணமி பற்றி எழுதியவருக்கு ஒரு கேள்வி: திரள்கிற சமயத்தில் பிடித்ததா என்று வாங்குபவர் கண்டுபிடிக்க வழி உண்டா?

* * *

வயிறு உப்பியிருப்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது சகோதரி, இரை தின்ற மீனும் அப்படித்தான் இருக்கும். வெட்டும்போது சினை தெரியும், ஆனால் அதற்குள் காலம் கடந்துவிடும். அந்த இனம் எந்த மாதங்களில் கூடும் என்று விற்பவரிடமோ மீனவரிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் ஒரே நாளில் ஒரே அளவுக் களவா கூடை கூடையாக வந்து இறங்கினால், அன்று வாங்காதீர்கள்.