செட்ல விட்டுக்கொடுத்தா நம்ம ஸ்டைல் போயிடுமா?

கேள்வி: குறும்படத்துக்கு கேமரா பண்றேன், ஷாட்டெல்லாம் மனசுல வரைஞ்சுக்கிட்டுதான் போவேன், ஆனா ஆர்ட் பண்றவர் ஜன்னலை மாத்துன்னா கடுப்பாகுது. விட்டுக்கொடுக்கலாமா?

பதில்: கேமராமேன் சுப்ரதா மித்ரா கதை தெரியுமா? 1956ல சத்யஜித் ராயோட 'அபராஜிதோ' படத்துக்கு காசி வீட்டு முற்றம் செட்டை வெட்டவெளியில போடுறதாதான் பிளான், மழைக்கு பயந்து ஆர்ட் டைரக்டர் பன்சி சந்திரகுப்தா ஸ்டுடியோக்குள்ள போட்டுட்டார். நிழலில்லாத வான வெளிச்சம் உள்ள வராதுன்னு மித்ரா சண்டை போட்டும் எடுபடல, அப்புறம் முற்றத்துக்கு மேல வெள்ளைத்துணி கட்டி லைட்டை அதுல அடிச்சு திருப்பினார் பாருங்க, அசல் பகல் மாதிரியே இருக்கும். அந்த சண்டை தோத்ததாலதான் இப்படி வெளிச்சத்தை பட்டுத் திரும்ப வைக்கிற பவுன்ஸ் லைட்டிங் அவர் கைக்கு வந்துச்சு.

பதில்: என் ஷூட்ல பாட்டி க்ளோசப் நாலு டேக்கும் உயிரில்லாம இருந்துச்சு, லைட்மேன் அண்ணன் வெளிச்சத்தைத் திருப்புற தெர்மாகோல் அட்டையை ரெண்டடி இறக்கிப் பிடிச்சார், கண்ணுல புள்ளியா வெளிச்சம் வந்துருச்சு. இப்பல்லாம் ரிகர்சலுக்கே அவரையும் கூப்பிட்டுடறேன்.

கேட்டவர்: நன்றிங்க. ஜன்னல் ஏன் மாறணும்னு நாளைக்கு அவர்கிட்டயே உக்காந்து கேக்குறேன்.