ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம்: மாதவி மேடையைப் போட்டுப் பார்த்தோம்

மயிலாடுதுறையிலிருந்து:

நான் பரதத்துக்கு நட்டுவாங்கம் செய்கிறவன், அதாவது தாளம் தட்டி, ஆட்டத்துக்கான தாளச் சொற்களை, சொற்கட்டுகளை, சொல்லி நடத்துகிறவன். பழைய முறையில் கட்டிய புது அரங்குகளில் எது நன்றாக இருக்கிறது என்ற கேள்விக்கு, திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் கூத்தம்பலத்தைத்தான் முதலில் சொல்வேன். கேரளக் கோயில்களில் கூத்து நடக்கும் அரங்குகளான கூத்தம்பலங்களை ஒட்டி அப்புக்குட்டன் நாயர் வடிவமைத்தது. அங்கே ஒரு நிகழ்ச்சியில் சொற்கட்டு சொன்னபோது தொண்டையைச் சிரமப்படுத்தவே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் மனதில் நிற்பது எங்கள் பக்கத்தில் போட்ட மேடை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்குக்கு அளவே கொடுத்திருக்கிறார் இளங்கோ. கணுவுக்குக் கணு ஒரு சாண் இருக்கும் மூங்கிலை எடுத்து, 24 விரல் அளவுக்கு ஒரு கோல் நறுக்க வேண்டும். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் நடுவில் 4 கோல். போக வர இரண்டு வாசல்.

ஆசாரி தன் பெருவிரலை வைத்து அளந்தார். கோல் இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஆக மேடை ஏறக்குறைய 13 அடிக்கு 15 அடி. இவ்வளவு சின்னதா என்று எல்லோருக்கும் சந்தேகம். ஒரு பெண் ஏறி வர்ணம் என்ற நீண்ட உருப்படியை ஆடியதும் சந்தேகம் போய்விட்டது. ஒருத்தி ஆடுவதற்கென்றே வைத்த அளவு அது. மேலே உத்தரம் தாழ்ந்திருப்பதால் பார்வை வேறெங்கும் ஓடுவதில்லை, முகத்திலேயே நிற்கிறது. புருவம் அசைவது பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த பாட்டிமார் வரைக்கும் தெரிந்தது. குழு நடனத்துக்கு இந்த மேடை சரிப்படாது, உண்மைதான்.

விளக்குதான் படுத்தியது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்றும் அதே காதை சொல்கிறது. குத்துவிளக்குகளைத் தூணுக்கு வெளியே வைத்தால் ஆடுகிறவள் காலடியில் கறுப்புக் கோடு விழும். தூணுக்கு உள்பக்கமாக நகர்த்தினால் நிழல் வெளியே போய்விடும். அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேடையில் நின்று வேலை பார்த்த ஒருவரிடம் கேட்காமல் இதை எழுதியிருக்க முடியாது.

பூம்புகாரில் 1973-இல் எழுநிலை மாடமாகக் கட்டிய கலைக்கூடத்தில் கண்ணகி கதை சிற்பமாக இருக்கிறது. அதன் பக்கத்தில் இந்த அளவில் ஒரு மேடை நிரந்தரமாக வேண்டும், வருகிறவர்கள் ஏறி ஆடிப் பார்க்க.

தஞ்சாவூரிலிருந்து:

அண்ணே, நான் மிருதங்கம். அரண்மனைச் சங்கீத மகாலில் வாசித்திருக்கிறேன். நாயக்கர் காலத்து மண்டபம். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், மெல்லத் தடவினாலும் அந்தக் கும்காரம் கரையாமல் வந்து சேரும். டெல்டாவில் ஒரு புது அரங்கு, பெயர் வேண்டாம். வாசலில் கோபுரம், உள்ளே யாளித் தூண், சுவர் முழுக்க வழவழப்பான கிரானைட். நான் முடிப்பாக வாசித்த தீர்மானம் எதிரொலித்து எனக்கே இரண்டு தடவை கேட்டது. பழையவர்களிடம் எடுக்க வேண்டியது யாளியை மட்டும் அல்ல. பரதரின் நாட்டிய சாஸ்திரமே அரங்கு அளவுக்கு மீறினால் பேச்சு தெளிவாகக் கேட்காது, முகபாவம் தெரியாது என்று சொல்லி அளவைக் கட்டுப்படுத்துகிறது.

திருவாரூரிலிருந்து:

ஐயா, திரைகளை விட்டுவிட்டீர்களே. எங்கள் அப்பா நாடக செட்டில் படுதா இழுத்தவர். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று அதே காதையில் வருவதைப் படித்துக் காட்டினேன். முதலாவது ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது, அடுத்தது இரண்டு பக்கமும் வந்து நடுவில் சேர்வது, மூன்றாவது மேலே மறைந்திருந்து இறங்குவது என்று உடனே சொல்லிவிட்டார். மூன்றையும் அவர் கையால் இழுத்திருக்கிறார். அடுத்த முறை மேடை போட்டால் சொல்லுங்கள், கயிறும் கப்பியும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன.