நெற்கதிர் வைத்துப் பாடை கட்ட வேண்டும், வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. திருவையாற்றில் பூக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் நேற்று இரவு காலமாகிவிட்டார். கடைசி வரை மாப்பிள்ளைச் சம்பாவை விடாமல் பயிர் செய்த மனிதர். மகள் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும் என்பதால் நாளை மறுநாள் பிற்பகல்தான் எடுக்கிறார்கள். “அப்பாவுக்கு வெறும் ரோஜா மாலை போதாது அண்ணா, அவருடைய வயலும் கூடவே போக வேண்டும்” என்று போனில் அழுதுகொண்டே கேட்டார். எப்படியாவது செய்துகொடுத்தாக வேண்டும்.

தேர்ப்பாடையின் நான்கு பக்கமும் பச்சைக் கதிர், அதற்கு மேல் சம்பங்கிச் சரம், மூலைகளில் கோழிக்கொண்டை என்று நினைத்திருக்கிறேன். கோழிக்கொண்டை வாடாமல் நிற்கும். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்தே இல்லை, அதை விட்டுவிட்டேன். தகனம் என்பதால் தெர்மாகோலும் கம்பியும் கூடாது; மூங்கிலும் வாழைநாரும் மட்டும்தான்.

சிக்கல் கதிரில் இருக்கிறது. அவர் வயல் இன்னும் தொண்டைக்கதிரில், அதாவது கதிர் முழுதாக வெளியே வராத பருவத்தில் நிற்கிறது. பால் பிடித்துத் தலை சாய்ந்த கதிர்தான் பார்வையாக இருக்கும். திருவையாறு, பாபநாசம் பக்கம் யார் வயலிலாவது இருந்தால் சில கட்டு கொடுங்கள், உரிய விலை தருகிறேன். அறுத்த கதிரை ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் ஓர் இரவு தாங்குமா? வாழைத்தண்டில் செருகினால், தூக்கிச் செல்லும்போது உதிராமல் நிற்குமா? செய்து பார்த்தவர்கள் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.