1450 பையன், எதிரே 1900: செஸ் போட்டியின் முதல் சுற்றை எப்படி ஆடுவது?

கீழக்கரைவாசி:
மகனுக்கு வயசு 14, ஃபிடே (உலக செஸ் அமைப்பு) ரேட்டிங் 1450. ராமேஸ்வரத்தில் ஸ்விஸ் முறைப் போட்டி (தோத்தாலும் வெளியேறாம எல்லா சுற்றும் ஆடுறது). பட்டியலைப் பார்த்தால் முதல் சுற்றே 1900-க்காரர் விழுவார் போல. 90 நிமிஷம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். காயை எல்லாம் வெட்டி மாத்திட்டு டிரா எடுக்கலாம்ங்கிறான். சரிவருமா? தோத்தா ரேட்டிங் ரொம்ப விழுமா?

தொண்டி யானை:
ரேட்டிங் கவலையை விடுங்க அண்ணே. வித்தியாசம் 450 ஆனாலும் 400-ன்னுதான் கணக்கு. 18 வயசுக்குள்ள கே (ரேட்டிங் ஏற்ற இறக்கத்தைப் பெருக்குற எண்) 40. தோத்தா 3.2 போகும், டிரான்னா 16.8 வரும், ஜெயிச்சா 36.8. அவருக்கு கே 20-ன்னா டிராவிலேயே 8.4 காலி. பயப்பட வேண்டியவர் அவர்தான்.

மண்டபம் கோச்:
வெட்டி மாத்துறது அவருக்குத்தான் லாபம். பையன் மந்திரியைக் கொடுத்து குதிரையை வெட்டுவான், அவர் சிப்பாயால் திருப்பி வெட்டி நடுவை இறுக்கிக்குவார். ராணியும் போயிட்டா அவர் தப்பு பண்ண இடமே இல்லை. சிக்கலை வச்சிருக்கட்டும்.

யானை இறுதியாட்டம் வந்தே தீரும்னா ஃபிலிடோர் நிலை (ஒரு சிப்பாய் குறைவா இருந்தும் டிரா எடுக்கிற தற்காப்பு) கைவசம் இருக்கணும். அவருக்கு யானையும் ஒரு சிப்பாயும், இவனுக்கு யானை மட்டும். இவன் ராஜா அந்தச் சிப்பாய் ராணியாகிற கட்டத்தில் நிக்கணும். யானை, வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணினால் ஆறாம் வரிசையில் பக்கவாட்டிலேயே நகரணும்; அப்பதான் அவர் ராஜா உள்ளே வரமுடியாது. சிப்பாய் ஆறாம் வரிசைக்கு ஏறினதும் யானையை முதல் வரிசைக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் மேல செக். அவர் ராஜா ஒதுங்க வேண்டிய கட்டத்தில் அவர் சிப்பாயே நிக்கும். (இவனுக்கு வெள்ளை விழுந்தா வரிசையைத் திருப்பி எண்ணிக்கணும்.) பசங்க கெடுக்கிறது எங்கேன்னா, சிப்பாய் ஏறுறதுக்கு முன்னாடியே அவசரமா செக் கொடுக்கப் போயிடுறாங்க.

கீழக்கரைவாசி:
அவன் சித்தப்பா நல்லா ஆடுவான். ராணி இல்லாம ஆடச் சொல்லி பழக்கலாமா?

தொண்டி யானை:
வேண்டாம். ராணி கூடுதலா இருந்தா வெட்டி மாத்துறதுதான் சரியான வழி. நீங்க விடவைக்கப் பார்க்கிற பழக்கமே அதுதானே! நேரத்தைக் குறைங்க. பையனுக்கு 15 நிமிஷம், சித்தப்பாவுக்கு 3.

பாம்பன் காத்து:
ஜன்னல் திறந்த ஹால்னா சுருட்டுற பலகையின் ஓரம் தூக்கும், ஸ்கோர் ஷீட் பறக்கும். 30 விநாடி கூடுதல் இருக்கிறதால கடைசி வரை நகர்த்தலை எழுதியே ஆகணும், அதனால கிளிப் வச்ச அட்டை கொடுத்து அனுப்புங்க. கை பட்டு காய் சாஞ்சா தன் நேரத்திலேயே நிமிர்த்திட்டு, அப்புறம்தான் கடிகாரத்தை அழுத்தணும்.