பில்டுக்கு மெஷின் போதும், ரிலீஸுக்கு ஆள் வேண்டும்

டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) பராமரிக்கும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். ரிலீஸுக்கான பில்டை, அதாவது சோர்ஸ் கோடை ஓடக்கூடிய பைனரியாக மாற்றும் வேலையை, தானியங்கி சர்வரிடம் விடுவதா, கையால் செய்வதா என்ற பேச்சு வந்ததால் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் பராமரிப்பவர் தன் லேப்டாப்பில் பில்ட் செய்த பைனரியையே அப்லோட் செய்வார். அது அப்படியே பயனரின் கணினி வரை போய்விடும். மற்ற ஆர்க்கிடெக்சர்களுக்கு (ப்ராசஸர் வகைகளுக்கு) மட்டும் ‘பில்ட்டி’ என்று நாங்கள் சொல்லும் சர்வர்கள் பில்ட் செய்துகொள்ளும். 2019 ஜூலையில் பஸ்டர் (டெபியன் 10) வெளியானதும் ரிலீஸ் குழு இதை மாற்றியது. கையால் பில்ட் செய்த பைனரி இனி டெஸ்டிங்குக்குள் (அடுத்த ரிலீஸ் உருவாகும் கிளைக்குள்) நுழையாது, சோர்ஸை மட்டும் அனுப்புங்கள் என்றார்கள். இதனால் புதிய பேக்கேஜ் என்றால் பரிசீலனைக்காக ஒருமுறை பைனரியோடு அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு வெர்ஷனைக் கூட்டி, சோர்ஸை மட்டும் மறுபடி அனுப்ப வேண்டும். எரிச்சலான வேலைதான். ஆனாலும் அந்த முடிவு சரியானது என்று உறுதியாகச் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் ஒரு நண்பரின் பேக்கேஜைச் சோதித்துப் பார்த்தேன். அவர் கணினியில் ஓடிய ஸ்கிரிப்ட் என் கணினியில் ‘அப்படி ஒரு ஃபைலே இல்லை’ என்று நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், முதல் வரியில், ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் ஷெல் இருக்கும் இடமாக யுஎஸ்ஆர் டைரக்டரிக்குள் ஒரு பாதை பதிவாகியிருந்தது. அவருடையது புதிதாக இன்ஸ்டால் செய்த கணினி. அதில் புரோகிராம்கள் இருக்கும் இரண்டு ‘பின்’ டைரக்டரிகளும் (யுஎஸ்ஆருக்குள் ஒன்று, வெளியே ஒன்று) ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன. பில்ட் ஓடும்போது, எது எங்கே இருக்கிறது என்று தேடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் முதலில் கண்ட பாதையை எடுத்துக்கொண்டுவிட்டது. என்னுடையது பழைய இன்ஸ்டால், அந்தப் பாதையில் பாஷே கிடையாது. அதே சோர்ஸை பில்ட்டியின் சுத்தமான குரூட்டில் (தனியாகப் பிரித்து வைத்த வெறும் சிஸ்டத்தில்) பில்ட் செய்தபோது பாதை சரியாக வந்தது. சோர்ஸ் கோடில் பிழை எதுவும் இல்லை. பில்ட் செய்த கணினியின் நிலைமை பைனரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். இதை லாகை (பில்ட் ஓடியதன் பதிவை) பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்றால், லேப்டாப் பில்டுக்கு லாக் எங்கே இருக்கிறது? பில்ட்டியில் ஓடினால் எல்லாரும் படிக்கிற இடத்தில் லாக் இருக்கும்.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் வந்த ட்ரிக்ஸி (டெபியன் 13) ஏழு ஆர்க்கிடெக்சர்களில் வெளியானது. அவற்றில் ஒன்றான ஐபிஎம் மெயின்ஃபிரேமை யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள்?

சரி, அப்போது எல்லாவற்றையும் மெஷினிடமே விட்டுவிடலாமா? கூடாது. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளியாக வேண்டிய நாளை நினைத்துப் பாருங்கள். பேக்கேஜ்கள் எல்லாம் ஒழுங்காக பில்ட் ஆகி, மிரர்களுக்கும் (பயனர்கள் டவுன்லோட் செய்யும் சர்வர்களுக்கும்) போய்விட்டன. அப்புறம்தான் 6.1.64 கர்னலில் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் உள்ள டேட்டாவைக் கெடுக்கக்கூடிய பிழை இருப்பது கவனத்துக்கு வந்தது. ஒரு திருத்தத்தை அந்தக் கர்னலுக்குக் கொண்டுவந்தவர்கள், அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய இன்னொன்றை விட்டுவிட்டார்கள். பில்டைப் பொறுத்தவரை எந்தக் குறையும் இல்லை. இன்ஸ்டால் இமேஜ் வெளியீட்டை நிறுத்தி, இப்போதைக்கு யாரும் அப்கிரேட் செய்ய வேண்டாம் என்று அறிவித்தவர்கள் மனிதர்கள். திருத்திய கர்னலோடு மறுநாளே 12.4 வந்தது. ரிலீஸ் அறிவிப்பு தயாராக இருக்கும்போது அதை நிறுத்தத் துணிவு வேண்டும். அந்தக் குழுவின்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் மென்பொருளில் ரகசியமாக நுழைத்த பின்கதவு வெளிப்பட்டதும் இப்படித்தான். டெப், ஆர்பிஎம் பேக்கேஜாக பில்ட் ஆகும்போது மட்டும் உயிர்பெறும்படி அதை ஒளித்து வைத்திருந்தார்கள். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவது ஏன் என்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் விடாமல் தேடிப் போனதால்தான் வெளியே வந்தது.

இமேஜ் சோதனையில் நான் தவறாமல் செய்வது ஒன்று உண்டு. கிராஃபிகல் இன்ஸ்டாலரில் தமிழைத் தேர்ந்தெடுத்து (டெக்ஸ்ட் இன்ஸ்டாலரில் தமிழ் வராது) ஒவ்வொரு திரையையும் வாசிப்பேன். ‘கொ’வில் கொம்பும் காலும் எழுத்தின் இருபக்கமும் சரியாக நிற்கிறதா, எங்காவது புள்ளி வட்டம் தெரிகிறதா, நீளமான வரி பட்டனுக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பேன். ஓபன்க்யூஏ மாதிரி கருவிகள் திரையைப் படமெடுத்து ஒப்பிடும். அவை மிகவும் பயனுள்ளவை, ஃபெடோரா, சூசே லினக்ஸ்களும் அவற்றை நன்றாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒப்பிட வைத்திருக்கும் படத்திலேயே தமிழ் உடைந்திருந்தால் அது ‘பாஸ்’ என்றுதான் சொல்லும். டெபியன் இமேஜ் குழு ரிலீஸ் நாளில் பயாஸ், யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட் எனக் கணினி துவங்கும் விதங்கள், பேச்சு வழி இன்ஸ்டால் என்று ஆட்களைக் கொண்டு சோதிக்கிறது. உதவிக்கு யார் வேண்டுமானாலும் சேரலாம். அடுத்த ரிலீஸ் அன்று ஒரு பழைய லேப்டாப்பும் பென்டிரைவும் இருந்தால் வாருங்கள், தமிழ்த் திரைகளைப் பார்க்க இன்னும் ஆள் வேண்டும்.