கடன்ல படிக்கிறவருக்கும் காதலருக்கும் ஒரே உலையா, தனித்தனியா?

முகிலன்77:
ஒரு நிலைமையை வெச்சுப் பேசுவோம். ரெண்டு பேரும் மாணவங்க, காதலர்கள். ஒருத்தர் முழுக்கக் கல்விக் கடன்ல ஓட்டுறார், இன்னொருத்தருக்கு வீட்டுலேர்ந்து பணம் வருது. ராத்திரிச் சாப்பாட்டைச் சேர்ந்து சமைக்கலாமா? செலவை எப்படிப் பிரிக்கறது? கணக்கோட வாங்க.

தவணை:
தனித்தனிதான். வட்டி 9 சதவீதம்னு வைங்க. முதல் வருஷ ஆரம்பத்துல எடுத்த 100, படிக்கிற 3 வருஷத்துக்கு வெறும் தனிவட்டி போட்டாலே 127 ஆயிடும். அதை அசலாக்கி 10 வருஷ மாதத் தவணையாக் கட்டினா மொத்தம் சுமார் 193. எதிர்ல உட்கார்ந்து சாப்பிடறவருக்கு அதே சாப்பாடு 100 தான். பாதிப்பாதிங்கறது பில்லுல மட்டும்தான் பாதி.

இரட்டைத்தட்டு:
193ன்னு பயமுறுத்தாதீங்க சகோ. 13 வருஷத்துல சிதறிக் கிடக்கிற பணத்தை இன்னிக்குப் பணத்தோட அப்படியே ஒப்பிடக் கூடாது. சரி, உங்க கணக்கே இருக்கட்டும். அப்போ மிச்சப்படுத்தற காசும் அதே அளவுக்குப் பெருகுமே! தனியாச் சமைக்கறவர் சின்னப் பாக்கெட் வாங்குவார், கிராமுக்கு விலை கூட. காய்ல பாதி அழுகும். குக்கர்ல பிரஷர் ஏறின பிறகு வேகற நேரம் ஒருத்தருக்கும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

தவணை:
மிச்சம் எங்க போகுதுன்னு சொல்லலையே. அடுத்த செமஸ்டருக்கு வாங்கற தொகையில சாப்பாட்டுப் பங்கைக் குறைச்சு எடுக்கணும், இல்ல படிக்கும்போதே கொஞ்சம் திருப்பிக் கட்டணும். ரெண்டும் செய்யலைன்னா கடன்ல ஒரு காசு குறையாது. சேமிப்புக் கணக்குல கிடந்தா அதுக்குக் கிடைக்கிற வட்டி கடன் வட்டியைவிடக் கம்மி. பெரும்பாலும் அது கிடக்கறதும் இல்ல, "இன்னிக்கு வெளியில சாப்பிடலாமே"ன்னு கரைஞ்சுடும்.

அடுப்படி:
வட்டி தெரிஞ்ச அளவுக்கு உலை தெரியலையே ரெண்டு பேருக்கும்! ஒருத்தர் அளவை அப்படியே ரெண்டால பெருக்கினா சோறு குழையும். அரிசி குடிக்கிற தண்ணிதான் இரட்டிக்கும். ஆவியாப் போறது பாத்திரத்தையும் நேரத்தையும் பொறுத்தது, அது இரட்டிக்காது. திறந்த பாத்திரத்துல 1 கப்புக்கு 2 கப் தண்ணி சரியா வந்தா, 2 கப்புக்கு மூணரையில ஆரம்பிங்க. குக்கரை மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பாதீங்க. பருப்புன்னா பாதியோட நிறுத்துங்க, நுரை வால்வை அடைச்சுடும்.

மீந்ததை அகலமாப் பரப்பி ஆறவெச்சு, 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல 5 டிகிரிக்குக் கீழ வைக்கணும். ராத்திரி முழுக்க வெளியில கிடந்த சோத்துல பேசில்லஸ் சீரியஸ் கிருமி நஞ்சு சுரந்திருக்கலாம். மறுநாள் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணாலும் அந்த நஞ்சு போகாது. ஃப்ரிட்ஜ் இல்லாத அறைன்னா அந்தந்த வேளைக்கு மட்டும் சமைங்க. 2000 வாட் இண்டக்ஷனும் 1500 வாட் கெட்டிலும் ஒரே லைன்ல போட்டா லோடு தாங்காம ட்ரிப் ஆகி கரண்ட் போகலாம், அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

இரட்டைத்தட்டு:
தண்ணி விஷயம் ஒத்துக்கறேன். பிரிக்கிறதுக்கு வழி இதுதான்: அரிசியும் பருப்பும் சமைக்கறதுக்கு முன்னாடியே எடை போடுங்க. ஒருத்தருக்கு 100 கிராம், இன்னொருத்தருக்கு 60ன்னா பங்கு 5க்கு 3. வெந்த பிறகு நிறுத்தா தண்ணியையும் சேர்த்து நிறுப்பீங்க. எண்ணெய், கேஸ், மசாலா சமபாதி. வாரத் தொடக்கத்துல ரெண்டு பேரும் ஒரு பொது டப்பாவுல பணம் போடணும். டப்பா காலியானா இருக்கிற சரக்கை வெச்சு ஓட்டணும், கைக்காசு போட்டு நிரப்பக் கூடாது. நிரப்ப ஆரம்பிச்சா யார் எவ்வளவு போட்டாங்கன்னே தெரியாது. வெளிச்சாப்பாடு டப்பாவுல சேராது, கூப்பிட்டவர் கொடுக்கட்டும்.

தவணை:
கிராம் கணக்குல பங்கு போட்டா கடன்ல இருக்கறவர் என்ன செய்வார் தெரியுமா? பங்கைக் குறைக்கறதுக்காகப் பசியே இல்லைன்னு சொல்லிக் கம்மியாச் சாப்பிடுவார். அதுவும் பரீட்சை வாரத்துல! இல்லைன்னா "காசுக்குப் பதிலா நான் சமைக்கறேன்"னு பாத்திரம் கழுவறது வரைக்கும் தலையில போட்டுக்குவார். அந்த நேரத்துல பாடம் ஒண்ணு தவறி ஒரு செமஸ்டர் நீண்டா, சமையல்ல மிச்சம் பிடிச்சதெல்லாம் போச்சு.

இரட்டைத்தட்டு:
இது நியாயமான கேள்வி. அப்போ எடை வேண்டாம். தானியமும் பருப்பும் வசதி உள்ளவர் பொறுப்பு, காய்கறி பாதிப்பாதி, சமையலும் கழுவறதும் நாள் மாத்தி நாள்.

தவணை:
நாளைக்குப் பிரிஞ்சா? பாதி மூட்டை அரிசி யாருது, குக்கர் யாருது?

அடுப்படி:
மூட்டையே வேண்டாம், ரெண்டு வாரச் சரக்குக்கு மேல வாங்காதீங்க. குக்கர், அடுப்பு மாதிரி நீடிக்கிற சாமானைப் பங்கு போட்டு வாங்கக் கூடாது. குக்கர் ஒருத்தரோடது, அடுப்பு இன்னொருத்தரோடது, முடிஞ்சது.

தவணை:
இப்படின்னா சரி. ஆனா வாரத்துக்கு நாலு ராத்திரிக்கு மேல வேண்டாம்.

இரட்டைத்தட்டு:
நாலுன்னா சின்னப் பாக்கெட் விலை திரும்ப வந்துடுமே! ஏழும் வேணும்.

அடுப்படி:
அரிசி பருப்புக்கு வராது, கெட்டுப்போற சாமான் இல்ல. காய்க்குத்தான் வரும். அந்த நாலு ராத்திரியை அடுத்தடுத்த நாளா வெச்சுக்கிட்டா, சீக்கிரம் வாடற கீரையை முதல் நாளும் முட்டைக்கோஸ், கேரட்டைக் கடைசியிலயும் சமைச்சு ஒரே தடவை வாங்கினதுல முடிச்சுடலாம்.