கவர் வெர்ஷனுக்குக் கலைச்சொல்: மறுபாடலா, வழிப்பாடலா?

அனைவருக்கும் வணக்கம். கவர் வெர்ஷனுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் முன்வைத்தது இது:

> கவர் வெர்ஷன் = மறுபாடல். ஏற்கெனவே வந்த பாட்டை இன்னொருவர் மறுபடி பாடுவதால்.

‘மறு’ இங்கே பொருந்தவில்லை. மறுபதிப்பு, மறுஒளிபரப்பு, மறுகூட்டல் எல்லாவற்றிலும் முன்பு நடந்ததே திரும்ப நடக்கிறது. டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தம் பழைய ஆல்பங்களைத் தாமே மீண்டும் பாடி வெளியிட்டாரே, அதற்கு ‘மறுபதிவு’ கச்சிதம். கவரில் ஆள் மாறுகிறார். சில சமயம் பாட்டுக்குள் பேசுகிறவரே மாறிவிடுகிறார்.

‘ரெஸ்பெக்ட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் எழுதி 1965இல் பாடியது. அதில் வீடு திரும்பும் ஆண் மரியாதை கேட்கிறான். அரீத்தா ஃபிராங்க்ளின் 1967 பிப்ரவரியில் நியூயார்க்கில் அதைப் பதிவு செய்தபோது கேட்பவள் பெண். தலைப்பை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் அந்தப் புகழ்பெற்ற இடமும், சகோதரிகள் கேரலினும் எர்மாவும் பின்குரலில் அடுக்கும் ‘சாக் இட் டு மீ’யும் ரெடிங்கிடம் கிடையாது. அதைவிட முக்கியம், ரெடிங்கின் பதிவில் பிரிட்ஜே (சரணங்களுக்கு நடுவே வேறு இசையில் வரும் இணைப்புப் பகுதி) இல்லை. அரீத்தாவுக்காகப் புதிதாக ஒன்று கட்டினார்கள். சி மேஜர் சுருதியில் போய்க்கொண்டிருக்கும் பாட்டு, கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன் நுழையும் இடத்தில் எஃப் ஷார்ப் மைனருக்குத் தாவும். எஃப் ஷார்ப் மைனரும் பி செவன்த்தும் மாறி மாறி வந்து, கடைசியில் ஜி செவன்த் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை)ப் பிடித்து சி-க்கு வந்து சேரும். அந்த கார்டு வரிசையும் சாம் அண்ட் டேவ் பாடிய வேறொரு பாட்டிலிருந்து எடுத்ததுதான். இத்தனை சேர்த்தும் பாட்டை ஆக்கியவர் என்ற இடத்தில் ரெடிங்கின் பெயர் மட்டுமே நிற்கிறது.

இந்த உறவுக்கு நன்னூலில் வரையறை இருக்கிறது. முதல், வழி, சார்பு என்று நூலை மூன்றாக்கி, வழிநூலைப் பற்றி அது சொல்வது:

முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்

முடிபு, அதாவது சாரம், ஒத்திருக்க வேண்டும். பாட்டில் அது மெட்டும் வரியும். விகற்பம், அதாவது மாறுபாடு, பின்னோன் விருப்பம். சுருதி, தாளநடை, வாத்தியம், பிரிட்ஜ். அரீத்தா செய்தது அச்சுப் பிசகாமல் இதுதான். ஆகவே முதற்பாடல், வழிப்பாடல். பழைய பாட்டின் ஒரு துண்டை மட்டும் எடுத்துப் புதுப்பாட்டு கட்டுவது சார்புப்பாடல்.

ரீமிக்ஸ் இந்த வரிசையில் வராது. அது பதிவான ட்ராக்குகளை வைத்துச் செய்யும் வேலை. புதுக் குரலில் பாடவைத்த ‘பொன்மகள் வந்தாள்’ (அழகிய தமிழ்மகன், 2007) போன்றவற்றையும் ரீமிக்ஸ் என்றே அழைத்துப் பழகியதால் இந்தக் கோடு நமக்கு மங்கிக் கிடக்கிறது.

——

ஐயா, வணக்கம்.

நன்னூல் அடிப்படை மிகப் பொருத்தம். ஆனால் சொல்லாக வரும்போது சில இடங்களில் இடறுகிறது.

‘வழிப்பாடல்’ வாய்விட்டுச் சொன்னால் ‘வழிபாட்டுப் பாடல்’ என்று காதில் விழும். வானொலி அறிவிப்பில் இது நிச்சயம் குழப்பும். அடுத்தது, கிட்டாரிலோ வயலினிலோ மட்டும் வாசிக்கும் கவர்களும் ஏராளம். அங்கே பாடுவதே இல்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 31சி பிரிவு கவருக்கென்றே இருக்கிறது. முதற்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும். பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகை கட்ட வேண்டும். உறையில் கவர் என்று அச்சிட வேண்டும். உரிமையாளர் சம்மதித்த மாற்றமோ தொழில்நுட்பத்துக்குத் தவிர்க்க முடியாத மாற்றமோ தவிர வேறெதற்கும் இடமில்லை. ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ என்று சொல்லிக்கொண்டு ஒருவர் புது பிரிட்ஜ் சேர்த்தால், 31சி அவரைக் காப்பாற்றாது; தனியே அனுமதி வாங்க வேண்டும்.

‘தொட்டால் பூ மலரும்’ எதில் சேரும்? படகோட்டியில் (1964) வந்த வாலியின் வரிகளுக்கு நியூ படத்தில் (2004) ரகுமான் புது மெட்டே போட்டார். வரி ஒத்திருக்கிறது, மெட்டு இல்லை.

——

இரண்டு பேருக்கும் வணக்கம்.

வழிபாட்டுக் குழப்பம் உண்மைதான். ‘வழிவடிவம்’ என்று வைத்தால் அது தீரும், கருவியிசையும் அடங்கும். மேடையில் பாடியதற்கும் பொருந்தும். ‘வழிப்பதிவு’ என்றால் பொருந்தாது.

இணைச்சொல்லாக ‘முதற்பாடல்’ வேண்டாம், ‘முதற்பதிவு’ இருக்கட்டும். ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை எழுதியவர்கள் லீபரும் ஸ்டாலரும். முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன், 1952இல். எல்விஸ் 1956இல் பாடியபோது தார்ன்டனை அல்ல, இடையில் வந்த ஃபிரெடி பெல் குழுவின் வடிவத்தைத்தான் பின்பற்றினார். ஆக்கியவர், முதலில் பதிந்தவர், பின்பற்றப்பட்டவர் மூவரும் வேறு வேறு ஆட்கள். ‘முதற்பாடல்’ என்றால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது.

சட்ட மொழிபெயர்ப்பிலும் வழிவடிவம் என்றே எழுதி, 31சி-யின் கட்டுப்பாடுகளை விளக்கத்தில் தந்தால் போதும். ‘தொட்டால் பூ மலரும்’ வழிவடிவம் ஆகாது. அங்கே இசையாக்கமே புதிது, முன்னோருடையது வரி மட்டும். அதற்கு ‘மெட்டுமாற்று’ என்று எழுதிப் பார்க்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே இடுங்கள்.